வேலி இல்லாத வயல்

1968ஆம் ஆண்டு, எங்கள் பள்ளிக்கூடத்து மேல்மாடி மூலை வகுப்பறை. வரலாற்று மாஸ்டர் கரும்பலகையில் மூன்று பெரிய பெட்டிகள் கீறி, ஒவ்வொன்றையும் நாடா நாடாவாகப் பிரித்தார். இங்கிலாந்துக் கிராமங்களில் முன்பு ஒவ்வொரு கமக்காரருக்கும் மூன்று வயலிலும் துண்டு துண்டாகக் காணி இருந்ததாம். நடுவில் வேலியே கிடையாதாம்.

"அப்ப எல்லைச் சண்டை வராதோ, சேர்?" என்று கேட்டேன். வேலிக் கதியாலைத் தள்ளி நட்ட ஒரு முழ நிலத்துக்காகப் பதினொரு வருடம் வழக்காடிக் கோடேறியவர் என் அப்பு.

"வரும். ஊர் கூடித் தீர்க்கும்" என்றார், வேட்டியில் விழுந்த வெண்கட்டித் தூளைத் தட்டியபடி.

போன கார்த்திகையில் மகள் என்னை இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம்ஷயரிலுள்ள லக்ஸ்டனுக்குக் கூட்டிப்போனாள். சின்னக் கோயிற்பற்று. மற்ற ஊர்களின் திறந்த வயல்களைப் பாராளுமன்றச் சட்டங்கள் வேலியடைத்து விழுங்கிவிட, இங்கே மேற்கு வயல், ஆலை வயல், தெற்கு வயல் மூன்றும் இன்றும் உழப்படுகின்றன. ஒன்றில் மாரிக் கோதுமை, ஒன்றில் வசந்தகால விதைப்பு, மூன்றாவதுக்கு ஓய்வு. அடுத்த வருடம் முறை மாறும். 1635இல் மார்க் பியர்ஸ் என்பவர் துண்டு துண்டாக அளந்து கீறிய வரைபடம் ஒக்ஸ்போர்ட் பொட்லியன் நூலகத்தில் இருக்கிறது. அதே நூற்றாண்டில்தான் நம் யாழ்ப்பாணப் பக்கத்திலும் பறங்கிகள், அதாவது போர்த்துக்கேயர், காணிகளைத் தோம்பு என்ற பதிவேட்டில் பதிந்தார்கள்.

நவம்பர்க் கடைசியில் ஊர்க் கமக்காரரே நடுவர் குழுவான யூரிகளாகக் கோதுமை வயலுக்கு இறங்கி, எல்லைகளைப் பார்த்து மரமுளை அடிக்கிறார்கள். பொதுப் புல்தரைக்குள் கலப்பையை விட்டவர் பெயர், ஒரு கிழமை கழித்துக் கூடும் 'கோர்ட் லீட்' என்ற பழைய ஊர் மன்றத்துக்குப் போகும். அங்கே தண்டம் விதிப்பார்கள். 1977இல் இப்படியான பழைய மன்றங்களின் அதிகாரத்தை எடுத்த சட்டம்கூட லக்ஸ்டன் மன்றத்தைத் தனியாக விட்டுவைத்தது. அரசர், பிரபு கதைகளைவிட இதைத்தான் பெரிய வரலாறு என்பேன். பக்கத்து வீட்டுக்காரன் நேரே வந்து வரம்பைப் பார்த்துச் சொல்லும் ஊர்!

நாங்கள் போனபோது யூரிகள் வந்துபோய்ச் சில நாட்கள். ஈரமண்ணில் விரல் நீளக் கோதுமைப் பயிர். இரண்டு துண்டுகளுக்கு நடுவில், புதிதாகச் சீவிய முளை ஒன்று. குனிந்து தொட்டேன். சேர் உயிரோடிருந்தால் அன்றிரவே தொலைபேசி எடுத்திருப்பேன்.

பள்ளிக்கூட மலருக்கு அனுப்பியிருக்கும் படத்தில், என் சப்பாத்துக்குப் பக்கத்தில் தெரிவது அந்த முளைதான்.