சோற்றைக் குறை என்று சொல்லாமல்

நம் வீடுகளில் மதியச் சாப்பாடு என்றால் தட்டின் நடுவே சோறு மலைபோல் குவிந்திருக்கும். பொரியலோ கூட்டோ ஓரத்தில் ஒரு கரண்டி, தொட்டுக்கொள்ளும் அளவுக்கு மட்டும். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்களின் கணக்கு வேறு: நாளொன்றுக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்குச் சமைப்பதற்கு முந்தைய எடையில் தானியம் 250 கிராம் போதும், கீரையும் கிழங்கும் உட்படக் காய்கறி 400 கிராமும் பழம் 100 கிராமும் வேண்டும். தீட்டிய அரிசியையே நம்பி வாழ்ந்தவர்களை வாட்டிய பெரிபெரி நோயை ஆராய்வதற்காக 1918-ல் குன்னூரில் தொடங்கிய சிறிய ஆய்வுக்கூடம்தான் இந்த நிறுவனமாக வளர்ந்தது என்பதால், சோற்றைப் பற்றி அது சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளலாம்.

என் கணவருக்கு இரத்த அழுத்தம் கூடத் தொடங்கியபோது, உப்பைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டும்படி மருத்துவர் சொன்னார். சோற்றில் கைவைத்தால் வீட்டில் சண்டை வரும் என்று தெரிந்திருந்ததால், நான் பரிமாறும் வரிசையை மட்டும் மாற்றினேன். முதலில் ஒரு கிண்ணம் நிறையப் பொரியல் அல்லது கூட்டு, அதை முடித்த பிறகே சோறு. ரசத்துக்கு மறுசோறு கேட்கும் வழக்கம் சில வாரங்களில் தானாகவே நின்றுபோனது. இதில் மாயம் ஒன்றும் இல்லை. சுரைக்காய், பூசணி, கத்திரி போன்றவற்றில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். நூறு கிராம் வெந்த சோறு ஏறத்தாழ 130 கலோரி தரும்போது, அதே எடை சுரைக்காய் தருவது இருபதுகூட இல்லை. வயிறு நிறைகிறது, கலோரி ஏறுவதில்லை. ஆனால் எண்ணெயில் முறுகிய உருளைக்கிழங்கு வறுவலைக் காய்கறிக் கணக்கில் எழுத முடியாது. நாளுக்குப் பழமும் காய்கறியுமாக 400 கிராம் என்று சொல்லும் உலக சுகாதார நிறுவனம், அந்தக் கணக்கில் உருளைக்கிழங்கைச் சேர்ப்பதே இல்லை.

இரத்த அழுத்தம் எவ்வளவு இறங்கும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் 459 பேரிடம் நடத்தப்பட்டு 1997-ல் வெளியான 'டாஷ்' ஆய்வில், உப்பையும் உடல் எடையையும் மாற்றாமல் பழமும் காய்கறியும் மட்டும் கூட்டப்பட்டவர்களுக்கு, வழக்கமான உணவு உண்டவர்களைவிட மேல் அளவு சராசரியாக 2.8 புள்ளி கூடுதலாகக் குறைந்தது. அவற்றோடு கொழுப்பு குறைந்த பாலும் மோரும் போன்றவற்றைச் சேர்த்து, மொத்தக் கொழுப்பையும் குறைத்தவர்களுக்கு 5.5 குறைந்தது. மாத்திரையைத் தூக்கி எறியும் அளவுக்குப் பெரிய எண்கள் அல்ல இவை; அவ்வாறு எறிந்த உறவினர் ஒருவரை எனக்குத் தெரியும் என்பதால் சொல்கிறேன்.

உண்மையான தடை நாக்கில் இல்லை, அரிவாள்மணையில் இருக்கிறது. ஒரு கட்டு முளைக்கீரையைச் செய்தித்தாளில் பரப்பி, பூச்சி அரித்ததையும் பழுத்ததையும் கழித்து, மண் போக மூன்று தண்ணீர் அலசி எடுப்பதற்குள் அரை மணி நேரம் ஓடிவிடும். வாழைத்தண்டு என்றால் வில்லை வில்லையாக நறுக்கும்போதே நாரை விரலில் சுற்றிச் சுற்றி எடுக்க வேண்டும். கறுக்காமல் இருக்க மோர்த் தண்ணீரில் போட வேண்டும். காய்கறி அதிகம் சாப்பிடுங்கள் என்று அறிவுரை சொல்பவர்களில் எத்தனை பேர் அதை ஆய்ந்து நறுக்கிக் கொடுக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. எங்கள் வீட்டில் இப்போது இரவுத் தொலைக்காட்சி விவாதம் ஓடும்போது பீன்ஸ் நறுக்குவது என் கணவருடைய வேலை. அந்த ஏற்பாடு வந்த பிறகுதான் வாரம் முழுவதும் பொரியல் தட்டாமல் நடக்கிறது.

மாலையில் மிக்சர் டப்பா இருந்த இடத்தில் கொய்யா வந்ததும் மற்றொரு மாற்றம். ஆரஞ்சைப்போல் மூன்று, நான்கு மடங்கு வைட்டமின் சி உள்ள கொய்யாவைக் கீறி மிளகாய்த்தூள் தூவினால் குழந்தைகளும் மறுப்பதில்லை. பழச்சாறாகப் பிழிந்து வடிகட்டினால் நார்ச்சத்தில் பெரும்பகுதி சக்கையோடு போய்விடும்; சர்க்கரை மட்டும் டம்ளரில் தங்கும். நார்ச்சத்து திடீரென்று கூடினால் முதல் சில நாள்கள் வயிறு உப்புசமாக இருக்கும் என்பதால், படிப்படியாகக் கூட்டி, தண்ணீரும் சேர்த்துக் குடிப்பது நல்லது. சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. கீரையிலும் வாழைப்பழத்திலும் இளநீரிலும் உள்ள பொட்டாசியம் அவர்கள் இரத்தத்தில் தேங்கிவிடும் என்பதால், எந்தக் காயை எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.