பெட்டியைத் தொட மாட்டேன் என்று அடம்பிடித்த இரவு

நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு துப்பாக்கி சுடும் போட்டி. டல்லாஸிலிருந்து போனதில் சிக்கலே இல்லை. குண்டு நீக்கிய துப்பாக்கி, பூட்டிய கெட்டிப் பெட்டி, செக்-இன் கவுன்ட்டரில் சொல்லிவிட்டு ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். வினை திரும்பும்போது வந்தது. கொஞ்சம் காசு மிச்சமாகிறதே என்று நியூ ஜெர்சி மாநிலத்தின் நூவர்க் வழியாக டிக்கெட் போட்டிருந்தேன்.

இடி மழையில் தாமதமாக இறங்கினோம். டல்லாஸ் விமானம் போய்விட்டது, அடுத்தது மறுநாள் காலைதான். கவுன்ட்டர் பெண் ஓட்டல் கூப்பனை நீட்டி, "பெட்டி கீழே பெல்ட்டில் வரும். எடுத்துட்டுப் போய் நாளைக்கு மறுபடி செக்-இன் பண்ணுங்க" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

டெக்சஸிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் என் கைத்துப்பாக்கிக்குத் தனி அனுமதி எதுவும் வேண்டாம். நியூ ஜெர்சியிலோ அனுமதியில்லாமல் அதை வைத்திருந்தாலே 5 முதல் 10 ஆண்டு வரை சிறை. பெட்டியில் 17 குண்டு பிடிக்கும் மேகசின்கள் வேறு. அங்கே 10-க்கு மேல் கூடாது. துப்பாக்கியோடு ஒரு மாநிலத்தைக் கடந்து போகிறவர்களுக்கான 1986-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் காப்பாற்றும் என்று கிளப்பில் எல்லோரும் மார்தட்டுவார்கள். காப்பாற்றும்தான், துப்பாக்கி கைக்கு எட்டாமல் இருக்கும்வரை. 2005-இல் யூட்டாக்காரர் ஒருவர் இதே நூவர்க்கில் விமானத்தைத் தவறவிட்டார். பெட்டியோடு ஓட்டலில் தங்கி, காலையில் கவுன்ட்டரில் ஒழுங்காக "துப்பாக்கி இருக்கிறது" என்றார். கைது, சிறை. குற்றச்சாட்டு பிறகு கைவிடப்பட்டது. ஆனால் அவர் போட்ட வழக்கு 2010-இல் மேல்முறையீட்டிலும் தோற்றது: இரவு முழுக்கப் பெட்டி அவர் கைக்கு எட்டும் இடத்தில்தானே இருந்தது என்றார்கள்.

இதையெல்லாம் வரிசையில் நின்றுகொண்டு, துப்பாக்கி என்ற சொல்லை அடுத்தவர் காதில் விழாமல் எப்படி விளக்குவது! மூன்று தடவை "பெட்டியை நான் வாங்க மாட்டேன், உங்கள் பொறுப்பிலேயே இருக்கட்டும்" என்றேன். "விதி அப்படி இல்லை சார்" என்றே பதில் வந்தது. மேலதிகாரி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவருக்குச் சொன்னதும் புரிந்தது. கீழே போன் போட்டுப் பெட்டியை நிறுத்தி, காலை விமானத்துக்கு மாற்றினார். அதை டிக்கெட் குறிப்பில் ஏற்றச் சொல்லி, அச்செடுத்தும் வாங்கிக்கொண்டேன். நீங்களும் வாயால் சொன்னதை மட்டும் நம்பி நகர்ந்துவிடாதீர்கள்.

மாற்றுச் சட்டை பெட்டிக்குள். வேர்த்த சட்டையோடே படுத்தேன், தூக்கம் எங்கே வந்தது?

காரில் போகிறவர்களுக்கு ஒன்று: முன்சீட்டு டேஷ்போர்டு அறையைப் பூட்டினாலும் அந்தச் சட்டத்தில் அது கணக்கில் வராது. டிக்கியில் வையுங்கள், டிக்கி இல்லாத வண்டியென்றால் தனிப் பூட்டுப் பெட்டி வேண்டும். நடுவில் நண்பர் வீடு, ஊர் சுற்றல் எல்லாம் வேண்டாம்.

டல்லாஸில் பெல்ட்டில் பெட்டி வரவில்லை. பத்து நிமிடம் உயிர் போய் வந்தது. கடைசியில் பேகேஜ் அலுவலகத்தில், டிரைவிங் லைசன்ஸைக் காட்டியபின் கொடுத்தார்கள். பூட்டு இரண்டும் நான் போட்டபடியே இருந்தன. அடுத்த போட்டிக்கு நேர் விமானத்தில் போட்டாயிற்று. 140 டாலர் அதிகம், மனைவிகூட ஒரு வார்த்தை கேட்கவில்லை.