கிவ் இட் எ ஷாட்: ஒரு மரபுத்தொடரைப் பழகிய நாட்கள்

ஜூன் 3, செவ்வாய்

சாயங்காலம் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி அழைப்பு முடியப் போகும் நேரம். குழுவை நடத்தும் அக்கா, "அடுத்த வாரம் ஒரு நாள் நீயே நடத்திப் பாரேன், கிவ் இட் எ ஷாட்" என்றார். சரிக்கா என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் யோசித்தேன், இந்தத் தொடரை எத்தனையோ படங்களில் கேட்டிருக்கிறேன், கேட்டவுடன் புரியவும் செய்கிறது, ஆனால் பேசும்போது என் வாயில் வருவதெல்லாம் எப்போதும் 'ஐ வில் ட்ரை' மட்டும்தான். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் காதுக்குப் பழகியது நாக்குக்கும் பழக வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. நடத்தப் போகும் நாளுக்குள் இதை முழுசாகப் பிடித்துவிட வேண்டும்.

ஜூன் 4, புதன்

ஷாட் என்பது குறி வைத்துச் சுடுவதில் இருந்து வந்த சொல். குண்டு கிளம்பிய பிறகு அது படுமா படாதா என்பது சுட்டவர் கையில் இல்லை. அதனால்தான் இந்தத் தொடரைச் சொல்பவர் 'செய்து முடித்துவிடுவேன்' என்று வாக்குக் கொடுப்பதில்லை, இறங்கிப் பார்க்கிறேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். எனக்கு இதில் பிடித்ததே இதுதான். புதிதாக ஒன்றைத் தொடங்கும்போது நம்மைத் தடுப்பது பெரும்பாலும் வேலையின் கஷ்டம் இல்லை, முடியாமல் போனால் என்ன சொல்வார்கள் என்ற நினைப்புதான். அந்தப் பாரத்தை முதல் பேச்சிலேயே இது இறக்கி வைத்துவிடுகிறது.

நடுவில் இருக்கும் 'இட்' முக்கியம். அதை விட்டுவிட்டு 'கிவ் எ ஷாட்' என்றால் கேட்பவருக்கு ஊசி போடும் ஞாபகம் வரும், ஏனென்றால் டாக்டர் ஊசி போட்டார் என்பதற்கும் 'தி டாக்டர் கேவ் ஹிம் எ ஷாட்' என்றுதான் சொல்வார்கள். 'இட்' இருக்கும் இடத்தில் அந்த விஷயத்தின் பெயரையே வைக்கலாம்: 'கிவ் யோகா எ ஷாட்', 'கிவ் ஸ்விம்மிங் எ ஷாட்'. 'டேக் எ ஷாட் அட்' என்றும் ஒன்று உண்டு, அதற்குப் பின்னால் வேலை வந்தால் முயல்வது, ஆள் வந்தால் சுடுவது அல்லது தாக்கிப் பேசுவது. அங்கே கொஞ்சம் கவனம் வேண்டும்.

ஜூன் 6

இன்று முழுக்க ஒலி. ஒரு உரையாடலின் ஆடியோவை வேகம் குறைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டேன். எழுத்தில் நான்கு சொல்லாகத் தெரிவது பேச்சில் ஒரே மூச்சாகப் போகிறது. கிவ்வின் கடைசி ஒலி இட்டோடு ஒட்டுகிறது, இட் அடுத்து வரும் சின்ன 'அ'வோடு ஒட்டுகிறது, கடைசியில் ஷாட் மட்டும் அழுத்தமாக விழுகிறது. அமெரிக்கர்கள் பேசும்போது நடுவில் வரும் ட மெலிந்து, நாம் 'வீடு' என்று சொல்லும்போது வரும் ட-வுக்குப் பக்கத்தில் போய்விடுகிறது: கிவிடஷாட். பிரிட்டிஷ்காரர்கள் பலர் அந்த ட-வைத் தெளிவாக வைத்து, ஷாட்டைக் குறுக்கி, ஷொட் என்பதுபோலச் சொல்கிறார்கள். எப்படிச் சொன்னாலும் புரிந்துகொள்வார்கள். ஆனால் நான்கு சொல்லுக்கும் ஒரே அழுத்தம் கொடுத்தால் மட்டும் எழுதி வைத்துப் படிப்பதுபோல இருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

எங்கே சொல்லலாம், எங்கே கூடாது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தமிழில் இதற்கு 'முயற்சி செய்கிறேன்' என்று குறித்துக்கொண்டால் சரியாக வராது. முயற்சி என்றாலே நமக்குக் கூடவே உழைப்பும் விடாப்பிடியும் வந்து நிற்கும். இதற்கு நெருக்கமானது நம்முடைய 'பார்'. எழுதிப் பார், ஓட்டிப் பார், கேட்டுப் பார் என்று எந்த வினையோடும் ஒட்டிக்கொண்டு, 'செய், என்ன ஆகிறது என்று தெரியும்' என்கிறதே, அந்த லேசான தன்மைதான் இங்கேயும். 'ஒரு கை பார்த்துவிடலாம்' என்பதில் கொஞ்சம் சவால் இருக்கிறது, இதில் அது இல்லை.

இந்த லேசான தன்மையே சில இடத்தில் ஆகாது. வெள்ளிக்கிழமைக்குள் வேலை முடியுமா என்று உறுதி கேட்கும் ஒருவரிடம் 'ஐ வில் கிவ் இட் எ ஷாட்' என்றால், சந்தேகம்தான் போலிருக்கிறது என்று அவர் எடுத்துக்கொள்வார், அது நியாயமும்கூட. வேலைக்கான விண்ணப்பக் கடிதத்திலும் இது வேண்டாம், பேச்சு வழக்கு அது. நண்பர்களிடம், கூட வேலை செய்பவர்களிடம், தயங்கி நிற்கும் ஒருவரிடம் சொல்ல இதைவிட நல்ல தொடர் இல்லை. முழு மூச்சாக இறங்குவதைச் சொல்ல வேண்டும் என்றால் 'பெஸ்ட் ஷாட்' என்று கனம் ஏற்றிக்கொள்ளலாம். 'லாங் ஷாட்' என்றால் நடக்க வாய்ப்புக் குறைவு. 'வொர்த் எ ஷாட்' என்றால் செய்து பார்க்கத் தகுந்ததுதான். ஒரு சொல்லைப் பிடித்தால் ஒரு குடும்பமே வருகிறது!

ஜூன் 10

இன்று நேரமே கிடைக்கவில்லை. நடக்கும்போது மட்டும் கடந்த காலத்தில் சொல்லிப் பழகினேன்: 'ஐ கேவ் இட் எ ஷாட்'.

ஜூன் 12, வியாழன்

நடத்தியாகிவிட்டது. 'இதுவரை செய்யாத ஒன்று, இனி செய்ய நினைப்பது' என்று தலைப்பு வைத்தேன். எப்போதும் மைக்கை அணைத்து வைத்துக் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும் ஒரு பெண் இருக்கிறாள். இன்று பாதியில் அவள் பெயருக்குப் பக்கத்தில் இருந்த மைக் குறியின் மேல் இருந்த சிவப்புக் கோடு போனது, திரும்ப வந்தது, மறுபடி போனது. நான் எதுவும் சொல்லாமல் காத்திருந்தேன். "அண்ணா, நான் சொல்லிப் பார்க்கவா?" என்றாள். இதைத்தானே இந்த வாரம் முழுக்க ஆங்கிலத்தில் படித்துக்கொண்டிருந்தேன்! அதையே அப்படியே ஆங்கிலத்தில் சொல்லு என்றேன். ஒரு நிமிஷம் ஒன்றும் கேட்கவில்லை, அப்புறம் மெதுவாக, 'லெட் மீ கிவ் இட் எ ஷாட்'. அதற்குப் பிறகு கிதார் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற தன் ஆசையைப் பற்றி நிறுத்தாமல் பேசினாள். நடுவில் யாரும் திருத்த வேண்டாம் என்று முன்பே சொல்லி வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

குழுவில் மூத்தவரான ஐயா ஒருவர் நல்ல கேள்வி கேட்டார். "தம்பி, ஏற்கெனவே செய்து பார்த்து வராமல் விட்டதுக்கு இதைச் சொல்லலாமா?" தாராளமாகச் சொல்லலாம் ஐயா, 'எ' இருந்த இடத்தில் 'அனதர்' போட்டு 'கிவ் இட் அனதர் ஷாட்' என்று சொல்லுங்கள் என்றேன். ஓட்டுநர் உரிமம் எடுப்பதைப் பாதியில் விட்டவர் அவர். அதை வைத்தே ஒரு வாக்கியம் அமைத்துச் சொன்னார், 'அனதர்'இல் நன்றாக அழுத்தம் கொடுத்து.

ஜூன் 13

அக்கா அடுத்த வாரமும் என்னையே நடத்தச் சொல்லியிருக்கிறார். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் அதிகம் புழங்கும் 'ஹேவ் எ கோ' என்பதை எடுக்கலாம் என்று இருக்கிறேன். பொருள் ஏறக்குறைய இதேதான். ஆனால் பிரிட்டிஷ் பேச்சில் 'ஹேவ் எ கோ அட்' போட்டு ஒரு ஆளின் பெயரைச் சேர்த்தால் அவரைப் பிடித்துத் திட்டுவதாகிவிடும். முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதற்குப் போக வேண்டும்.