ஏற்காட்டுல உக்காந்து குல்மார்க் வானத்தப் பாக்குறேன்

2 டிசம்பர் 2024
ஃபெஞ்சல் புயல் கரை ஏறுனது புதுச்சேரி பக்கம், வாங்கிக் கட்டிக்கிட்டது நாங்க. விடாம கொட்டுது, சேலம் ரோட்டுல மண்சரிவு, கரண்டும் இல்ல. பறிச்ச காப்பிப் பழம் காய வழியில்லாம தார்ப்பாய்க்கு அடியில கெடந்து புளிச்ச வாடை அடிக்குது. இந்த லட்சணத்துல சித்தி பையன் போன் பண்ணி, "அண்ணா, பிப்ரவரி கடைசில காஷ்மீர்ல குல்மார்க் போறேன், ஸ்கீ பனிச்சறுக்கு கத்துக்க. ஸ்னோ இருக்குமான்னு பாத்துச் சொல்லு"ங்கிறான். வாசல்ல ஒரு மழைமானி வெச்சதுல இருந்து சொந்தக்காரங்களுக்கெல்லாம் நான்தான் ரமணன் சார்.

22 டிசம்பர்
காஷ்மீர்ல சில்லாய் கலான் தொடங்கிருச்சு, அங்க உச்சக் குளிரான 40 நாள். தொடக்கமே ஸ்ரீநகர்ல மைனஸ் 8.5, டிசம்பர் மாசத்துல இப்படி ஒரு குளிர் 50 வருஷமா இல்லையாம். பையன் குதிக்கிறான். டேய் இருடா, வானம் பளிச்சுன்னு இருக்கறதாலதான் அவ்ளோ குளிர், ராத்திரில தரையோட சூடு தப்பிக்காம தடுக்க மேகம் இல்ல, இங்கயும் நட்சத்திரம் தெரியற ராத்திரிலதான பல்லு தந்தியடிக்குது, மூட்டமா இருந்தா ஒரு ஸ்வெட்டரே போதும்ல. ஸ்னோ விழ தண்ணி வரணும். அது மத்தியதரைக் கடல் பக்கம் கெளம்பி ஈரான், ஆப்கானிஸ்தான் தாண்டி மேல்காத்தோட வர்ற வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ்ங்கிற காத்தழுத்தத் தாழ்வு கொண்டு வரணும். பளிச்சுன்னு இருக்கற வானம் என் களத்துக்கு நல்லது, அவனுக்கு ஆகாது.

28 டிசம்பர்
வந்துருச்சு! காஷ்மீர் முழுக்க ஸ்னோ, ஜம்மு ஹைவேல வண்டியெல்லாம் நிக்குது. இங்க நல்ல வெயில், பழத்த அள்ளிக் குலுக்குனா உள்ள கொட்டை கலகலங்குது, அப்படின்னா காஞ்சிருச்சு.

10 ஜனவரி 2025
லா நினா வந்துருச்சுன்னு அமெரிக்காவோட வானிலை அமைப்பு நோவா நேத்து சொல்லிருச்சு, ஆனா வலு கம்மி. பசிபிக் கடல் நடுவுல தண்ணி வழக்கத்த விடக் குளுந்தா லா நினா, சூடானா எல் நினோ. பொதுவா லா நினான்னா வடமேற்குல குளிர்கால மழையும் ஸ்னோவும் கொஞ்சம் குறையும், எல் நினோன்னா கூடும். ஆனா போன ஜனவரி எல் நினோ, குல்மார்க் புல்லு தெரிய மொட்டையா கெடந்துச்சு! சீசன் கணிப்பெல்லாம் வாய்ப்புக் கணக்குதான், அத நம்பி தேதி குறிக்கக் கூடாது. ஒரு வாரத்துக்கு மேல கம்ப்யூட்டர் வானிலை மாடல் எது சொன்னாலும் எனக்கு அது ஜோசியம்.

18 பிப்ரவரி
22ம் தேதி குல்மார்க்ல தொடங்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டையே தள்ளி வெச்சுட்டாங்க, ஸ்னோ பத்தலையாம். ஜனவரி பூரா வறட்சி, வந்த டிஸ்டர்பன்ஸெல்லாம் நோஞ்சான். டிக்கெட்ட மார்ச்சுக்கு மாத்துடான்னேன், மொனகிக்கிட்டே மாத்துனான். எங்களுக்கும் காப்பிச் செடி பூக்க வைக்கிற பூ மழை வேணும், மேகத்தையே காணோம்.

1 மார்ச்
மூணு நாளா காஷ்மீர்ல கொட்டுது, குல்மார்க்ல அடிக்கணக்குல. இதே சிஸ்டம்தான் நேத்து உத்தராகண்ட் மானா பக்கம் பனிச்சரிவா எறங்கிருக்கு, ரோட்டு வேலை பாத்தவங்க 50க்கு மேல மாட்டிக்கிட்டாங்க. மனசே சரியில்ல. பையன்கிட்ட கறாரா சொல்லிட்டேன், புது ஸ்னோ திடீர்னு குவிஞ்சா பழைய அடுக்கு மேல பிடிப்பில்லாம நிக்கும், கோண்டோலாங்கிற கேபிள் கார்ல மேல கிட்டத்தட்ட 3,900 மீட்டருக்கு ஏறி அபர்வத் மலைச் சரிவுல வேடிக்கை காட்டாத, புதுசா பழகறவனுக்கு கீழ இருக்கற சரிவு போதும். காத்தடிச்சா மேல போற கோண்டோலாவ நிறுத்திருவாங்க, அதனால திரும்புற பிளைட்ட ரெண்டு நாள் தள்ளிப் போடுன்னும் சொன்னேன். "சரிங்கண்ணா"ன்னான், லீவு கிடைக்குமான்னு மேனேஜர்ட்ட கேக்கணுமாம்.