டியூட்டி ரூமில் 1977

இந்திய வானொலியின் வரலாற்றைச் சொல்பவர்கள் 1927இல் பம்பாய் நிலையம், 1936இல் ஆல் இந்தியா ரேடியோ என்ற பெயர், 1957இல் விவித் பாரதி என்று வரிசையாகப் போவார்கள். தமிழ்நாட்டில் ஒரு சிறிய நிலையத்தில் ஒலிபரப்புப் பணியில் இருந்த என்னைக் கேட்டால் 1977ஐத்தான் முதலில் சொல்வேன்.

ஜனவரி 18 அன்று, தேர்தல் நடக்கும் என்று இந்திரா காந்தி வானொலியில் அறிவித்தார். அதற்கு முந்தைய பத்தொன்பது மாதங்கள் நெருக்கடி நிலை. ஒலிநாடாவை கையால் முன்னும் பின்னும் உருட்டி, சொல் தொடங்கும் இடத்தைப் பென்சிலால் குறித்து, பிளேடால் சாய்வாக வெட்டி ஒட்டுவோம். நேராக வெட்டினால் ஒட்டிய இடத்தில் 'டக்'கென்று கேட்கும். இருமலையும் செருமலையும் நீக்கக் கற்ற வித்தை, அந்த மாதங்களில் ஆட்களின் பெயர்களை நீக்கவும் பயன்பட்டது. "பி.பி.சி.யில் என்ன சொன்னார்கள், சார்?" என்று டீக்கடைக்காரர் என்னிடமே கேட்பார். வானொலிக்காரனிடம்!

அதே ஆண்டில்தான் முதன்முறையாக அரசியல் கட்சிகளுக்கு வானொலியில் தேர்தல் பிரச்சாரம் பேச நேரம் கொடுத்தார்கள். எதிர்க்கட்சிக்காரரின் குரல் எங்கள் கருவிகள் வழியாகப் போனபோது, ஒலியளவு காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். யார் பேசினாலும் அது ஒரே மாதிரிதான் ஆடியது.

மார்ச் 20 இரவை மறக்க முடியாது. டெல்லிச் செய்திகளைச் சிற்றலையில் பிடித்துத்தான் மறு ஒலிபரப்பு செய்வோம். இரண்டு ரிசீவர்களை இரண்டு அலைவரிசைகளில் வைத்து, ஒன்று மங்கும்போது மற்றதற்குத் தாவ வேண்டும். ரேபரேலி தொகுதியில் பிரதமரே பின்தங்குகிறார் என்ற பேச்சு பரவியிருந்தது. வானொலி அதைச் சொல்வதாக இல்லை. தமிழ்நாட்டிலோ அ.தி.மு.க., காங்கிரஸ் அணி பெரும்பாலான தொகுதிகளை வாரிக்கொண்டு போனது. வடக்கே அதே காங்கிரஸ் துடைத்தெறியப்பட்டது. தொலைபேசியில் கூப்பிட்டவர்கள் முடிவைக் கேட்கவில்லை, "நிஜமாகவா?" என்றுதான் கேட்டார்கள். மறுநாள் நெருக்கடி நிலை விலக்கிக்கொள்ளப்பட்டது.

எல்லாரும் அரசியலையே பேசிக்கொண்டிருந்த அந்த ஆண்டில், ஜூலை 23 அன்று சென்னையில் நாட்டின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு தொடங்கியது. பம்பாய் நிலையம் தொடங்கிச் சரியாக ஐம்பது ஆண்டுகள் நிறைந்த நாள் அது. பிறகு சென்னைக்குப் போயிருந்தபோது ஒரு பொறியாளர், "தம்பி, இதைக் கேளுங்கள்" என்று ஹெட்போனைக் கொடுத்தார். வயலினில் வில் திசை மாறுவது கேட்டது. மத்திய அலையில் அந்த நுண்ணொலிகள் வந்து சேராது. இடி மின்னல் வந்தால் கரகரப்பு வேறு. ஆனால் எஃப்.எம். வாங்கும் பெட்டி ஊரில் எத்தனை பேரிடம் இருந்தது? பந்தி பரிமாறத் தயார், இலை முன் உட்கார ஆளில்லை. 1990களில் தனியாருக்கு நேரத்தை விற்ற பிறகுதான் அதற்குக் கூட்டம் வந்தது. தொழில்நுட்பத்தில் முந்திக்கொண்டு அதைப் பரணில் போட்டுவைப்பது நமக்குப் புதிதல்ல.

ஆகஸ்டில், தேர்தலில் வென்று வந்த ஜனதா அரசு பத்திரிகையாளர் பி.ஜி. வர்கீஸ் தலைமையில் குழு அமைத்தது. வானொலியையும் தொலைக்காட்சியையும் அமைச்சகத்தின் பிடியிலிருந்து எடுத்து 'ஆகாஷ் பாரதி' என்ற தன்னாட்சி அறக்கட்டளையிடம் கொடுக்கலாம் என்று 1978இல் அறிக்கை வந்தது. டியூட்டி ரூமில் அதை உரக்கப் படித்துத் தேநீரோடு விவாதித்தோம். செய்தி ஆசிரியர் ஒருவர் மட்டும், "அமைச்சர் மாறட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார். ஆட்சி கவிழ்ந்தது. சட்டம் 1990இல் வந்தது. அதன்படி பிரசார் பாரதி என்ற தன்னாட்சி அமைப்பு உருவானதோ 1997 நவம்பரில்தான். அதற்குள் எங்களில் பாதிப்பேர் ஓய்வு பெற்றிருந்தார்கள். மீதிப்பேர் தன்னாட்சியைப் பற்றிப் பேசவில்லை; நாம் இனியும் அரசு ஊழியர்தானா, ஓய்வூதியத்தை யார் தருவார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.