ரசத்துக்கு வந்தபோது ஃபோன் அடித்தது

"நியூட்ரல்ல விட்டுட்டுப் போங்க மேடம், ஹேண்ட்பிரேக் போடாதீங்க."

வளசரவாக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்த நாள். மண்டபத்துக்குப் பின்னால் இருந்த மண் தரையில் ஐம்பது வண்டிகளையாவது நெருக்கி நிறுத்தியிருந்தார்கள். முதல் வரிசை நிரம்பியதும் அதற்குக் குறுக்கே இன்னொரு வரிசை. கழுத்தில் விசில் தொங்கவிட்டிருந்த தம்பி என்னை அந்தக் குறுக்கு வரிசைக்குக் கை காட்டினார்.

சென்னையில் கார் வைத்திருப்பவர்களுக்குப் பழகிய ஏற்பாடுதான் இது. குறுக்கே நிறுத்துகிறவர் ஹேண்ட்பிரேக்கை இறக்கி, கியரை நியூட்ரலில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்டவர் கிளம்பும்போது நாலு பேர் சேர்ந்து தள்ளிவிடுவார்கள். என் பழைய ஆல்ட்டோவை யார் யார் எங்கெங்கே தள்ளினார்களோ, கணக்கே இல்லை. விட்ட இடத்தில் வண்டியைக் காணாமல், அடுத்த மரத்தடியில் போய்க் கண்டுபிடித்த நாளும் உண்டு.

புது வண்டி ஆட்டோமேட்டிக். இழுக்கிற ஹேண்ட்பிரேக்கே கிடையாது, ஒரு பொத்தான்தான். அணைத்துவிட்டு இறங்கினால் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். நாலு பேர் இல்லை, நாற்பது பேர் தள்ளினாலும் நகராது. தம்பியிடம் பொறுமையாகச் சொன்னேன். அவர் பக்கத்தில் நின்ற கார்க்காரரிடம், "முப்பது லட்சம் வண்டில நியூட்ரல் இல்லையாம் சார்" என்றார். என்னிடம் பதில் சொல்லவில்லை.

கடைசியில் ஒரு துண்டுச் சீட்டில் என் நம்பரை எழுதி, கண்ணாடிக்கு உள்ளே வைத்துவிட்டுப் போனேன். பந்தியில் சாம்பார் முடிந்து ரசத்துக்கு வந்தபோது ஃபோன் அடித்தது. "மேடம், உங்க வண்டியை எடுக்கணும்." சாப்பிடும் இலையை விட்டுப் பாதியில் எழுந்தால் அம்மாவுக்குப் பிடிக்காது. எழுந்தேன். திரும்பி வந்தபோது இலையை எடுத்திருந்தார்கள். பாயசம் போச்சு.

அந்தச் சீட்டைத்தான் இந்தப் பதிவில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் வண்டியைப் பற்றிச் சொல்லாமல் சீட்டைப் பற்றிச் சொல்ல முடியாது.

நான் ஆடிட்டர். வேளச்சேரியில் வீடு. ஆல்ட்டோவைக் கொண்டுபோனது 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல். தெருவில் தண்ணீர் ஏறி, ஸ்டியரிங் வரை முங்கி, இரண்டு நாள் கழித்து உள்ளே சேறும் ஒரு செத்த தவளையும் இருந்தன. இன்சூரன்ஸில் முழு நஷ்டம் என்று முடித்தார்கள். கிளெய்ம் வாங்கியதால் வருடக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் வாங்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) 50 சதவீதமும் பூஜ்யமானது. அப்படித்தான் விதி, யாரையும் குறை சொல்லவில்லை.

அடுத்த வண்டி கொஞ்சம் உயரமாக இருக்கட்டும் என்று தேடப் போய், பெரிதாகவே வாங்கிவிட்டேன். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேல் விலை உள்ள கார்களுக்குச் சாலை வரி 20 சதவீதம். எல்லாம் சேர்த்து 30 லட்சத்தை நெருங்கியது. பல்லவன் சாலையில் பாடிகாட் முனீஸ்வரர் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூஜை போட்டோம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், முகப்புக்கு மாலை, பானெட்டில் மூன்று கோடு சந்தனம். பூசாரி குங்குமத்தை அழுத்தித் தேய்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. வெள்ளை வண்டி. அன்றிலிருந்துதான் இந்த வியாதி.

வியாதி என்றால், படித்துத் தொலைத்தேன். காரின் பெயிண்ட் எல்லா அடுக்கும் சேர்ந்து 100 முதல் 130 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). அதில் மேலே பளபளக்கிற கிளியர் கோட் 40, 50 மைக்ரான்தான். ஒரு தலைமுடியின் கனம்கூட இல்லை, பல பேருக்கு. இந்த மெல்லிய தோலை நம்பித்தான் தெருவில் விட்டுவிட்டு வருகிறோம். செராமிக் கோட்டிங் என்று ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்களே, அது சில மைக்ரான். தண்ணீர் உருண்டோடும், கழுவச் சுலபம், கதவு இடித்தால் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பி.பி.எஃப். என்கிற ஒட்டுப்படலம் 150 மைக்ரானுக்கு மேல் இருக்கும். சின்னக் கீறலைத் தானே வாங்கிக்கொள்ளும், வெயில் சூட்டில் அந்தக் கீறலும் மறையும். நெளிவை அதுவும் தடுக்காது. முழு வண்டிக்கும் கேட்ட விலையில் என் மகளுக்கு ஒரு வருடக் கல்லூரிக் கட்டணம் கட்டலாம். முன் பம்பர், பானெட், கதவு ஓரங்கள், அப்புறம் கைப்பிடிக்குப் பின்னால் இருக்கிற குழி, அவ்வளவுக்கு மட்டும் ஒட்டினேன். அந்தக் குழியை யாரும் கவனிப்பதில்லை. மோதிரமும் வளையலும் நகமும் முதலில் கீறுகிற இடம் அதுதான்.

இனி அளவுக் கணக்கு. பெரிய பார்க்கிங்குகளில் ஒரு கட்டம் பொதுவாக 2.5 மீட்டர் அகலம். ஆல்ட்டோவின் அகலம் 1.49 மீட்டர். நடுவில் நிறுத்தினால் இரு பக்கமும் ஒரு முழத்துக்கு மேல் இடம். புது வண்டி 1.89 மீட்டர். பக்கத்துக்கு 30 செ.மீ., அதாவது ஒரு சாணும் நாலு விரலும். பக்கத்து வண்டியும் இதே அகலம் என்றால் இரண்டு பேருக்கும் சேர்த்து நடுவில் 60 செ.மீ. அதில் கதவு திறக்க வேண்டும், கதவின் கனம் போக மிச்சத்தில் ஆள் இறங்க வேண்டும். வண்டிகள் ஊதிக்கொண்டே போகின்றன, கட்டம் அப்படியே இருக்கிறது.

அதனால் எனக்குச் சில பழக்கங்கள் வந்துவிட்டன. தூண் ஓரத்துக் கட்டம் கிடைத்தால் விடமாட்டேன். தூணை இடது பக்கம் வைத்து நிறுத்துவேன், தூணுக்குக் கதவு கிடையாது. ஆனால் அம்மாவையும் மகளையும் முன்னாலேயே இறக்கிவிட வேண்டும். லிஃப்ட் பக்கம் போகவே மாட்டேன். எல்லாரும் அங்கேதான் அடித்துக்கொள்வார்கள், தள்ளுவண்டிகளும் அங்கேதான் வந்து முட்டும். கடைசி மூலையில் விட்டுவிட்டு நடப்பேன். வீட்டுக்காரர் முதலில் முனகினார், இப்போது நடைக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார். பக்கத்து வண்டியையும் ஒரு பார்வை பார்ப்பேன். நாலு கதவிலும் அடி வாங்கியிருந்தால் அடுத்த கட்டம். கதவு ஓரத்தில் ரப்பர் பட்டை ஒட்டியிருந்தால் நம்ம ஆள்.

பார்க்கிங் பையன்களைப் பற்றி ஒரு வார்த்தை. "ரைட்ல ஒடிங்க மேடம், ஃபுல்லா ஒடிங்க, வாங்க வாங்க வாங்க" என்பார்கள். ஓட்டுவது பெண் என்றால் இன்னும் இரண்டு பேர் உதவிக்கு வருவார்கள். கேமரா பீப் பீப் என்று கத்தும், அவர் "வாங்க" என்பார். போதும் என்பதற்கு டிக்கியில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. கையில் தாமிர மோதிரம். திட்ட மனசு வராது, வெயிலில் நாள் முழுக்க நிற்கிறார்கள். நான் இப்போதெல்லாம் கண்ணாடியை இறக்கி, "தட்டாதீங்க தம்பி, சொன்னா போதும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

என்னால் பொறுக்க முடியாதது வேறு. விலை உயர்ந்த வண்டி என்பதற்காக இரண்டு கட்டத்துக்கு நடுவில், கோட்டின் மேலேயே நிறுத்துகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நாற்பது வண்டி சுற்றிச் சுற்றி வருகிற இடத்தில். உங்கள் கார் இரண்டு கோடியாகவே இருக்கட்டும், வாங்கிய டோக்கன் ஒன்றுதானே? வண்டி மேல் அவ்வளவு பயம் என்றால் கடைசி மூலைக்குப் போங்கள், என்னோடு நடந்து வாருங்கள். சாவியால் கீறிவிட்டுப் போகிறவர்களை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் கோட்டின் மேல் நின்ற ஒரு கறுப்பு வண்டியில், படிந்திருந்த தூசியில் யாரோ விரலால் "ரெண்டு டோக்கன் எடுத்தியா?" என்று எழுதியிருந்ததைப் பார்த்துச் சிரித்தேன். (தூசியில் எழுதினாலும் கீறல் விழும். சிரித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.)

சரி, நான் மட்டும் யோக்கியமா? போன வருடம் அம்மாவை முழங்கால் வலிக்கு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். இறக்கிவிட்டுப் போகலாம் என்றால் வாசலில் ஆம்புலன்ஸ். கட்டத்திலேயே இறங்கினார். உயரமான வண்டி, கால் எட்டவில்லை, கதவைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். கதவு போய்ப் பக்கத்து வெள்ளை ஸ்விஃப்ட்டில் 'டொக்'. அருகில் போய்ப் பார்த்தால் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு குழி.

"அவனுக்குத் திருஷ்டி கழிஞ்சுதுன்னு நினைச்சுக்கட்டும். வா, டோக்கன் நம்பர் கூப்பிட்டுடுவாங்க" என்றார் அம்மா.

மருந்துச் சீட்டின் பின்னால் "என் கதவு உங்கள் வண்டியில் பட்டுவிட்டது, கூப்பிடுங்கள்" என்று எழுதி, நம்பரோடு வைப்பருக்கு அடியில் வைத்தேன். மாலையில் கூப்பிட்டார். பெயிண்ட் உடையாத குழி என்றால் உள்ளிருந்து கம்பியால் நெம்பி எடுத்துவிடுவார்கள், பெயிண்ட் அடிக்க வேண்டாம், செலவை நான் தருகிறேன் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "எந்தக் குழிங்க? அந்தக் கதவுல மூணு இருக்கு" என்றார். "புதுசு மாதிரி இருக்கறது" என்றேன். "எல்லாமே பழசு மாதிரிதான் இருக்கு, விடுங்கம்மா." இன்றுவரை எனக்குத் தெரியவில்லை, அது பெருந்தன்மையா, நிஜமாகவே கண்டுபிடிக்க முடியவில்லையா என்று.

வீட்டுத் தெருவில் வேறு வகைத் தொல்லை. பாதி வீடுகளில் "கேட் முன் வாகனம் நிறுத்தினால் காற்று இறக்கப்படும்" என்று பலகை. பலகை இல்லாத இடத்தில் சிமெண்ட் தொட்டி. மிச்சமிருப்பது புங்க மரத்தடி. நிழல் இருக்கிறது, ஆனால் காக்காயும் இருக்கிறது. எச்சத்தில் யூரிக் அமிலம். வெயிலில் கிளியர் கோட் இளகும்போது அது உள்ளே இறங்கிவிடும், அரை நாள் விட்டால் தடம் போகாது. காய்ந்ததைச் சுரண்டக் கூடாது. ஈரத்துணியைப் பத்து நிமிடம் மேலே போட்டு, ஊறிய பிறகு ஒற்றி எடுக்க வேண்டும். தினம் காலையில் துடைக்க வரும் அக்காவிடம் இதைச் சொன்னபோது, "எங்க வீட்டுக் குழந்தைக்கே நான் இப்படிப் பார்த்ததில்லை" என்றார். எட்டு வண்டிக்கு ஒரே வாளி, ஒரே துணி. ஏழாவது வண்டி என்னுடையது. முதல் ஆறு வண்டியின் மண்ணும் என் பானெட்டில் வட்டம் வட்டமாகக் கோடு போட்டது. தனியாக இரண்டு துணி வாங்கிக் கொடுத்து, முதல் வண்டியாக என்னுடையதைத் துடைக்கச் சொன்னேன். தினம் வேண்டாம், வாரம் இரண்டு தடவை போதும், சம்பளம் அதேதான் என்றதும் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். எலிக்கு அவர் சொன்ன வைத்தியம் புகையிலை. பானெட்டுக்குள் ஒரு பொட்டலம் இப்போதும் கிடக்கிறது.

அப்புறம் 2024 அக்டோபர் 14. கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரியே மேம்பாலத்தில் ஏறியது. மிக்ஜாமில் பள்ளிக்கரணையில் கார்கள் காகிதக் கப்பல்போல மிதந்துபோன வீடியோவை யார் மறப்பார்கள்? போலீஸ் அபராதம் போடுகிறது என்று ஒரு செய்தி பரவியது, அப்படியெல்லாம் இல்லை என்று அவர்களே பிறகு விளக்கம் கொடுத்தார்கள். நான் போனபோது இருட்டிவிட்டது. பாலத்தின் ஓரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வண்டிகள். கோடு கிடையாது, டோக்கன் கிடையாது, விசில் கிடையாது. ஆனாலும் ஒரு வரிசைதான், பக்கவாட்டுக் கண்ணாடிகளை எல்லாரும் மடக்கியிருந்தார்கள், முன் வண்டி வெளியே வருமளவுக்கு இடைவெளி விட்டிருந்தார்கள். இரண்டு கட்டத்தை அடைக்கிற ஆசாமிகளும் அந்த வரிசையில் எங்கேயோ இருந்திருப்பார்கள்.

வழக்கம்போல நம்பர் சீட்டை வைத்துவிட்டு வந்தேன். அதில் பெயர் எழுதுவதில்லை, பழைய சிம் ஒன்றின் நம்பர் மட்டும். "பொம்பளை வண்டியில நம்பர் எழுதி வைக்காதே" என்று என் தம்பி சொல்லிக்கொண்டே இருப்பான். ஒரு தடவை ஒரு 'ஹாய்' வந்தது உண்மை. தடுத்துவிட்டேன்.

விடியற்காலை நாலரைக்கு அந்த ஃபோன் அடித்தது. "மேடம், பாலத்து மேல வெள்ளை வண்டி உங்களுதா? பின்னால ஒரு ஜன்னல் நாலு விரல் இறங்கியிருக்கு. தண்ணி உள்ள போகுது." மகள் பின்சீட்டில் இருந்தபோது இறக்கியிருப்பாள். குடையைப் பிடித்துக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் நடந்தேன். போய்ச் சேர்வதற்குள் இருபது நிமிடம் ஆகியிருக்கும். வண்டிப் பக்கம் ஆள் யாருமில்லை. ஜன்னல் இடுக்கில் ஒரு நீலநிற ரெயின்கோட்டை மடித்துச் செருகி, கதவுக் கைப்பிடியில் அதன் கையைக் கட்டியிருந்தார். சீட்டில் ஒரு கை அகலத்துக்கு மட்டும் ஈரம்.

கூப்பிட்டுப் பார்த்தேன், எடுக்கவில்லை. மழை விட்டபிறகும் இரண்டு தடவை கூப்பிட்டேன். ரெயின்கோட் காய்ந்து, மடித்து, டிக்கியில் இருக்கிறது.