பைபாஸுக்கு அப்புறம் பீரியட்ஸ்: கிலோ கணக்கு கேக்குறவங்க கேக்காத விஷயம்

எடை குறைக்கிற ஆபரேஷன் பண்ணிருக்கேன்னு தெரிஞ்சதும் எல்லாரும் கேக்குறது எத்தன கிலோ போச்சுன்னு தான். பீரியட்ஸ் என்ன ஆச்சுன்னு யாரும் கேக்குறதில்ல. ஆபரேஷனுக்கு முன்னாடி டயட்டீஷியன் கிட்ட உக்காந்தப்போ கூட புரோட்டீன் பவுடர் பத்தி அவ்ளோ பேசினோம், இத பத்தி பேச்சே வரல. எனக்கு நடந்தத எழுதுறேன், யாருக்காவது உதவும்.

நான் தஞ்சாவூர் பக்கம், வாக்கப்பட்டு வந்தது தென்னாப்பிரிக்காவுல டர்பன், அங்க சாட்ஸ்வொர்த்ல மாமியாரோட ஒரே வீடு, மாமின்னு தான் கூப்பிடுவேன். காலேஜ் காலத்துல இருந்தே பிசிஓஎஸ், அதாவது ஹார்மோன் கோளாறுல முட்ட சரியா வெளிய வராம பீரியட்ஸ் தள்ளிப்போற பிரச்சன. மூணு நாலு மாசத்துக்கு ஒரு தடவ வந்தாலே பெருசு, அதுவும் மாத்திர போட்டு வரவழைக்கணும். மெட்ஃபார்மின் மாத்திர, நடை, எள்ளுருண்ட, கருஞ்சீரகம்னு எல்லாம் பாத்தாச்சு, கடைசியில தான் கேஸ்ட்ரிக் பைபாஸ், அதாவது வயித்த சின்னதாக்கி, சிறுகுடலோட முதல் பகுதிய தாண்டி சாப்பாடு போற மாதிரி இணைக்கிற ஆபரேஷன்.

வீட்டுக்கு வந்த வாரமே ஆரம்பிச்சிருச்சு. மாத்திர இல்லாம தானா வந்திருக்கேன்னு எனக்கு ஒரே சந்தோஷம். நின்னு கொஞ்ச நாள்லயே திரும்ப வந்துச்சு பாருங்க, கட்டி கட்டியா, ராத்திரி டவல் விரிச்சு படுக்குற அளவுக்கு, அது நின்னு மூச்சு விடுறதுக்குள்ள அடுத்தது. வீட்டுக்காரருக்கு கிளிக்ஸ் மருந்துக் கடையில பேடு வாங்குறதே வேலையா போச்சு.

கைனகாலஜிஸ்ட் முதல்ல பண்ணச் சொன்னது பிரெக்னன்சி டெஸ்ட். இத்தன வருஷம் ஏங்கினவகிட்ட போயி இத கேக்குறீங்களேன்னு சிரிச்சேன், அவங்க சிரிக்கல. எடை குறைஞ்சு இன்சுலின் இறங்கினா பிசிஓஎஸ் இருக்கவங்களுக்கு முட்ட வெளிய வர ஆரம்பிச்சிடும், பீரியட்ஸ் ஒழுங்காகுறதுக்கு முன்னாடியே கூட உண்டாகலாம், ஆனா 12லருந்து 18 மாசம் வரைக்கும் உண்டாகக் கூடாதுன்னாங்க. எடை வேகமா குறையுற நேரத்துல குழந்தைக்கும் சத்து பத்தாது நமக்கும் பத்தாது. கருத்தடை மாத்திரையும் பைபாஸ்ல சரியா உடம்புல சேரும்னு நம்ப முடியாதாம், அதனால கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற ஹார்மோன் காயில் வச்சுக்கலாம், ரத்தப்போக்கும் குறையும்னாங்க. எனக்கு காயில்னாலே பயம், காண்டம் போதும்னு சொன்னேன், அப்போ ஒரு தடவ கூட விடாதீங்கன்னு ரெண்டு பேரையும் உக்கார வச்சு சொல்லி அனுப்பினாங்க. பேரப்புள்ள கனவுல இருந்த மாமிகிட்ட இத யார் சொல்றதுன்னு எங்களுக்குள்ள ஒரு வாரம் போட்டி.

ஏன் இவ்ளோ போகுதுன்னும் கேட்டேன். நம்ம கொழுப்புலயே ஈஸ்ட்ரோஜன் உருவாகுது, அங்கயே தங்கவும் செய்யுது, கொழுப்பு வேகமா கரையும்போது ஹார்மோன் கணக்கு தாறுமாறாகுது. அதோட மாசக்கணக்கா வராம இருந்ததுல கர்ப்பப்பையோட உள்சவ்வு தடிச்சு போயிருக்கும், அதெல்லாம் சேந்து இறங்குதுன்னு விளக்கினாங்க. ஆனா ஆபரேஷன் தான் காரணம்னு அப்படியே விட்டுடல, ஸ்கேன் பண்ணி சவ்வு எவ்ளோ தடிமன்னு பாத்தாங்க, தைராய்டும் பாத்தாங்க. ரெண்டு மணி நேரமா மணிக்கு ஒரு பேடு நனைஞ்சா எமர்ஜென்சிக்கு வந்துடணும்னு சொல்லி, போக்கு குறைய டிரானெக்சமிக் ஆசிட் எழுதிக் குடுத்தாங்க.

வலிக்கு தான் திண்டாட்டம். ஊர்ல இருந்து கொண்டு வந்த மெஃப்டால் டப்பா அலமாரியில இருந்துச்சு, அத தூக்கிப் போடச் சொல்லிட்டாங்க. மெஃப்டால், புரூஃபென் மாதிரி மாத்திரையெல்லாம் பைபாஸ் பண்ணவங்களுக்கு தையல் போட்ட எடத்துல அல்சர் கொண்டு வருமாம். பனாடோவும் (இங்க பாராசிட்டமாலுக்கு இந்த பேரு) வெந்நீர் பையும் தான் கதி.

இதுக்கு நடுவுல தைப்பூசம். அம்கேனி ரோடு கோயில்ல காவடி எடுக்குறதா வேண்டுதல், விரதம் ஆரம்பிச்சு பாதி நாள் போயிருச்சு, அதுக்குள்ள மறுபடியும் வந்துருச்சு. நமக்கு தேதியே கிடையாதே, கணக்கு பாத்து வேண்டிக்கவா முடியும்? நான் அழுதுட்டு இருந்தேன், மாமி தான் வந்து "முருகன் எங்கம்மா ஓடிப்போறாரு, சித்திரக் காவடிக்கு எடுத்துக்கலாம்"னு சொன்னாங்க. சாமி விஷயத்துல கறாரா இருக்க மனுஷி இவ்ளோ லேசா சொல்லுவாங்கன்னு நான் நெனைக்கல. கருத்தடை விஷயத்தையும் அன்னிக்கே சொல்லிட்டேன், கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு "மொதல்ல உன் ஒடம்ப பாரு"ன்னுட்டாங்க.

எனக்கு உண்மையிலயே ஆபத்தா போனது இரும்புச்சத்து. மாடி ஏறினா மூச்சு வாங்கும், ஐஸ் கட்டிய கடிச்சு கடிச்சு தின்னுட்டே இருப்பேன், அது ரத்தசோகையோட அறிகுறின்னு யாருக்கு தெரியும்? இரும்பு அதிகமா உறிஞ்சுற சிறுகுடலோட முதல் பகுதியத்தான் பைபாஸ்ல தாண்டி விட்டுடுறாங்க, வயித்து அமிலமும் கம்மி, இதுல ரத்தமும் இப்படி போனா என்ன மிஞ்சும். பீரியட்ஸ் வர்றவங்க பைபாஸுக்கு அப்புறம் தினம் 45லருந்து 60 மில்லிகிராம் இரும்பு எடுக்கணுமாம். கால்சியம் மாத்திரைக்கும் இதுக்கும் ரெண்டு மணி நேரம் கேப் விடணும், டீயோட போடக் கூடாது. நான் எல்லாம் ஒழுங்கா போட்டும் ஃபெரிடின், அதாவது உடம்புல சேமிப்புல இருக்க இரும்போட அளவு, ஏறல, கடைசியில நரம்பு வழியா டிரிப் ஏத்தினாங்க, அதுக்கப்புறம் தான் மனுஷியானேன். ஹீமோகுளோபின் மட்டும் பாத்து ஓகேன்னு சொன்னா விடாதீங்க, ஃபெரிடினும் கேளுங்க.

அப்புறம் ஒரு கட்டத்துல சுத்தமா நின்னு போச்சு. மறுபடியும் பிரெக்னன்சி டெஸ்ட், நெகட்டிவ். சாப்பாடு ரொம்ப கம்மியா போனாலும் பீரியட்ஸ் வர வைக்கிற சிக்னல மூளை நிறுத்திடுமாம். புரோட்டீன கூட்டினோம், எடை குறையுற வேகமும் அடங்குச்சு, அதுக்கப்புறம் தானா வந்துச்சு. இப்போ மாசா மாசம் கிட்டத்தட்ட அதே தேதிக்கு வருது, ஆப்ல போட்டு வச்சா ஒண்ணு ரெண்டு நாள் தான் முன்ன பின்ன. எல்லாருக்கும் இப்படித்தான் ஆகும்னு சொல்ல மாட்டேன், என் நாத்தனார் ஸ்லீவ் (குடல தொடாம வயித்த மட்டும் வெட்டி சின்னதாக்குற ஆபரேஷன்) பண்ணா, அவளுக்கு ஆரம்பத்துல இருந்தே பெருசா ஒண்ணும் மாறல.

இப்போ டாக்டர் குழந்தைக்கு டிரை பண்ணலாம்னு சொல்லிட்டாங்க, அதுக்கு முன்னாடி பி12, ஃபோலிக் ஆசிட், ஃபெரிடின் எல்லாம் பாக்கணும். இன்னொண்ணு, உண்டானப்புறம் சுகர் டெஸ்டுக்கு குளுக்கோஸ் தண்ணி குடிக்க சொல்லுவாங்கல்ல, பைபாஸ் பண்ணவங்களுக்கு அது ஒத்துக்காது, டம்பிங் ஆகி, அதாவது சர்க்கர வேகமா குடலுக்குள்ள எறங்கி, தலசுத்தி விழவும் வாய்ப்பிருக்கு, பதிலா வீட்டுலயே விரல்ல குத்தி சுகர் பாத்து எழுதி வைக்கலாம். எந்த ஆஸ்பத்திரிக்கு போனாலும் பைபாஸ் ஆனவன்னு ஃபைல்ல முதல் பக்கத்துலயே எழுத வைங்க.